ஆண்டு விழாவுக்கு வந்தவர்கள் மூன்று பேர்

மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கலாம் என்று நியூ ஜெர்சிக்கு வந்த எனக்கு, பார்க்க வேண்டிய இடங்கள் என்று எல்லோரும் ஒரே பட்டியலைத்தான் தந்தார்கள். நயாகரா, வாஷிங்டன், சுதந்திரதேவி சிலை மூன்றையும் பார்த்தாகிவிட்டது. ஆனால் ஒரு வானொலி நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் 31 ஆண்டுகள் குமிழ்களைத் திருகியே ஓய்வு பெற்ற என்னிடம் வேறொரு பட்டியல் இருந்தது. அமெரிக்க வானொலியின் முதல் பெரிய ஒலிபரப்பு 1920 நவம்பர் 2 அன்று நடந்தது. அதன் மிகப் புகழ்பெற்ற நாடகம், செவ்வாய்க் கிரகவாசிகள் பூமியில் இறங்குவதைச் செய்தி போலவே சொன்ன "தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்", 1938 அக்டோபர் 30 அன்று ஒலிபரப்பானது. மூன்று நாள் இடைவெளியில் இரண்டு ஆண்டு நிறைவுகள். அந்தந்த நாளில் அந்தந்த இடத்தில் நிற்க வேண்டும் என்ற ஆசையைத் தயக்கத்தோடுதான் சொன்னேன். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை லீவு போட்டுடறேன் மாமா, வண்டியிலேயே போயிடலாம்" என்றார். ஒன்பது வயதுப் பேத்தியும் வருவேன் என்று ஒட்டிக்கொண்டாள்.

அக்டோபர் 29, புதன்: நியூயார்க்

இன்று நான் மட்டும் ரயிலில் போய்வந்தேன். மேடிசன் அவென்யூ 485ஆம் எண் கட்டடத்தின் 20ஆவது மாடியில்தான் சி.பி.எஸ். நிறுவனத்தின் முதலாம் ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது. ஆர்சன் வெல்ஸ் என்ற 23 வயது இளைஞர் செவ்வாய்க் கிரகவாசிகளைப் பூமிக்கு இறக்கியது அங்கிருந்துதான். இப்போது அது அலுவலகங்கள் நிறைந்த சாதாரணக் கட்டடம். கீழே இருந்த காவலாளியிடம் விஷயத்தைச் சொன்னபோது, அவர் என்னை ஏதோ விற்க வந்தவன் என்று நினைத்து முதலில் முகத்தை இறுக்கிக்கொண்டார். பிறகு, "இருபதாவது மாடியிலா? இங்கேயா?" என்று அவரே வியந்து, மேலே அனுப்ப முடியாது என்று வருத்தத்தோடு சொல்லி, மின்தூக்கியின் கதவு வரை வந்து பார்த்துக்கொள்ள அனுமதித்தார். மின்தூக்கிக் கதவைப் பார்ப்பதற்காக நாற்பது மைல் ரயிலில் வந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எதிரே ஒரு காபி வாங்கினேன்; ஐந்தே முக்கால் டாலர். பால் கேட்டால் எந்தப் பால் என்று நான்கு வகை சொல்கிறார்கள். மாட்டுப் பால் என்று தெளிவாகச் சொல்ல வேண்டியிருந்தது.

ராக்பெல்லர் சென்டரில் என்.பி.சி.யின் 8-எச் கூடம் இருக்கும் கட்டடத்தையும் வெளியிலிருந்தே பார்த்தேன். 1933இல் அது திறக்கப்பட்டபோது உலகின் மிகப் பெரிய வானொலிக் கூடம் அதுதான். டாஸ்கனினி அங்கே இசைக்குழுவை நடத்தினார். இன்று அதிலிருந்து சனிக்கிழமை இரவுத் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சி நேரலையில் போகிறது. கூடம் இன்னும் வேலை செய்கிறது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. திரும்பும்போது வானம் கறுத்துவிட்டிருந்தது.

அக்டோபர் 30, வியாழன்: குரோவர்ஸ் மில், நியூ ஜெர்சி

காலையிலிருந்து கொட்டும் மழை. மகள் வீட்டிலிருந்து குரோவர்ஸ் மில் பதினைந்து நிமிடத் தொலைவுதான். சுற்றுவட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம், இட்லி மாவு கடைகளிலேயே கிடைக்கிறது. ஆனால் பக்கத்தில் செவ்வாய்க் கிரகவாசிகள் இறங்கிய ஊர் இருப்பதை மகள் வீட்டுக்கு வந்துபோகும் யாரும் என்னிடம் சொன்னதில்லை.

அந்த ஊர் தேர்வான விதமே வேடிக்கையானது. எச். ஜி. வெல்ஸ் 1898இல் எழுதிய நாவலின் இங்கிலாந்துக் களத்தை அமெரிக்காவுக்கு மாற்ற வேண்டியிருந்த நாடக ஆசிரியர் ஹோவர்டு கோச், நியூ ஜெர்சியின் சாலை வரைபடத்தை விரித்து, கண்ணை மூடிக்கொண்டு பென்சிலைப் போட்டாராம். பென்சில் முனை விழுந்த இடம் இந்தச் சிற்றூர். ஆக, எதுவுமே நடக்காத ஓர் இடத்துக்கு, அங்கே நடக்கவே நடக்காத ஒன்றின் ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்காக, 1988இல் வான் நெஸ்ட் பூங்காவில் வெண்கல நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். மேலே செவ்வாய்க்காரர்களின் கால் முளைத்த இயந்திரம். ஒரு பக்கம் ஒலிவாங்கி முன் ஆர்சன் வெல்ஸ். இன்னொரு பக்கம் வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்த ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்தின் முகத்தில் மழைநீர் வழிந்துகொண்டிருந்தது. நான் படமெடுக்கக் கைபேசியை உயர்த்திய அதே நொடியில் காற்று என் குடையை மேல்நோக்கிப் புரட்டி, இரண்டு கம்பிகளை முறித்தது. செருப்பு போட்டு வந்தது என் தவறு. மூன்று நிமிடத்தில் கால் விறைத்துப் போயிற்று. ஆண்டு நிறைவு நாளாயிற்றே, நாலு பேராவது வந்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். மாப்பிள்ளை, பேத்தி, நான் தவிர ஒரு வாத்து மட்டும் குளத்தோரம் நின்றது.

இரவு 8 மணிக்கு, அதே மணியில், நாடகத்தின் ஒலிப்பதிவைக் கேட்பது என்பது என் திட்டம். பூங்காவில் இருட்டிய பிறகு நிற்கக் கூடாது என்பதால், அருகில் ஒரு கடைவளாகத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் காரை நிறுத்திக்கொண்டு கைபேசியில் போட்டோம். கூரை மேல் மழைச் சத்தம். ஒரு நடன இசைக்குழு வாசித்துக்கொண்டிருக்கிறது; செய்தி குறுக்கிடுகிறது; மறுபடி இசை. செய்தியாளராக நடித்த பிராங்க் ரெடிக், 1937 மே மாதம் இதே மாநிலத்தின் லேக்ஹர்ஸ்டில் ஹிண்டன்பர்க் வான்கப்பல் எரிந்தபோது ஹெர்ப் மாரிசன் பதற்றத்தோடு பேசிய ஒலித்தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பயிற்சி எடுத்துக்கொண்டவர். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அலறல். ஒலிவாங்கி கீழே விழும் சத்தம். அதன் பிறகு மௌனம்.

அந்த மௌனத்தைப் பற்றி நான் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் நிலையத்தில் பத்து நொடி ஒலி நின்றால் பதிவேட்டில் எழுத வேண்டும். அதற்கு மேல் நின்றால் விளக்கம் கொடுக்க வேண்டும். பணி ஓய்வு பெற்ற பிறகும், ஒலி நின்றுபோய் நான் இணைப்புக் கம்பியைத் தேடுவதாக எனக்குக் கனவு வருவதுண்டு. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவன் எதற்கு உயிரைக் கொடுத்துப் பயப்படுவானோ, அதையே ஒருவர் வேண்டுமென்று செய்திருக்கிறார். கதை தெரிந்தும், ஒலிப்பதிவு என்று தெரிந்தும், என் வலக்கை தானாகக் கைபேசியின் ஒலிக்குமிழ் நோக்கிப் போயிற்று.

நாடே தெருவுக்கு ஓடிவந்தது என்று மறுநாள் நாளிதழ்கள் எழுதியதில் மிகை அதிகம். அன்று இரவு தொலைபேசியில் எடுத்த கணக்கெடுப்பில் நூற்றுக்கு இரண்டு பேர்தான் இந்த நாடகத்தைக் கேட்டதாகத் தெரிந்தது. மிகப் பலர் அடுத்த அலைவரிசையில் எட்கர் பெர்கனின் பேசும் பொம்மையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உதடு அசையாமல் பொம்மைக்குக் குரல் கொடுப்பவரை வானொலியில் கேட்பதில் என்ன இருக்கிறது என்று மாப்பிள்ளை கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. ஆனால் நாட்டிலேயே அதிகம் பேர் கேட்ட நிகழ்ச்சிகளில் அது ஒன்று.

பாதி நாடகத்தில் கண்ணாடியில் டார்ச் வெளிச்சம் விழுந்தது. காவலர். கடைகள் அடைத்த பிறகு இருட்டில் மூன்று பேர் ஏன் உட்கார்ந்திருக்கிறோம் என்று மரியாதையாகக் கேட்டார். மாப்பிள்ளை விளக்கியதும், ஒரு நிமிடம் மழையில் நின்றபடியே அவரும் கேட்டார். "அவர்கள் வந்தால் எனக்குத் தகவல் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். பேத்திக்கு அதன் பிறகுதான் பயம் வந்தது.

அக்டோபர் 31, வெள்ளி: ஜேம்ஸ்டவுனை நோக்கி

இரண்டு ஆண்டு நிறைவுகளுக்கும் நடுவே இருந்த நாட்களில், நகைச்சுவை நடிகை லூசில் பாலின் ஊரான ஜேம்ஸ்டவுனுக்கு ஏழு மணி நேரப் பயணம். நியூ ஜெர்சியில் பெட்ரோலை நாமே போட்டுக்கொள்வது சட்டப்படி கூடாது. ஆள் வந்து போடுகிறார், நம் ஊர் போல. பென்சில்வேனியா எல்லையைத் தாண்டியதும் நாமே இறங்கிப் போட வேண்டும். மலைச்சரிவுகளில் இலைகளில் பாதி உதிர்ந்து, மிச்சம் துருப்பிடித்த நிறத்தில் இருந்தன.

வழியில் சக்கரத்தின் காற்று குறைந்ததாக விளக்கு எரிந்தது. காற்றடிக்கும் இயந்திரம் இரண்டு டாலரைக் கால் டாலர் நாணயங்களாக மட்டுமே விழுங்கும். எங்களிடம் ஒரு நாணயம்கூட இல்லை. பக்கத்தில் நின்ற லாரிக்காரர் ஒருவர் கேட்காமலே எட்டு நாணயங்களை எண்ணித் தந்தார். நாங்கள் நீட்டிய நோட்டுகளை வாங்க மறுத்துவிட்டார். அவருடைய தாடி இடுப்பு வரை இருந்தது. அது அவருடைய ஹாலோவீன் வேடமா, சொந்தத் தாடியா என்று பேத்திக்கும் எனக்கும் வழி முழுக்க வாக்குவாதம்.

ஹாலோவீன் அன்று ஊரில் இல்லாமல் போனதில் அவளுக்கு உள்ளூர வருத்தம். ஜேம்ஸ்டவுனை அடைந்தபோது இருட்டிவிட்டது. மந்திரக்காரி தொப்பியை மாட்டிக்கொண்டு மாப்பிள்ளையோடு இரண்டு தெரு சுற்றிவந்தாள். முன்பின் தெரியாத வீடுகளில் கதவு திறந்து மிட்டாய் தந்து, தொப்பி அழகாக இருக்கிறது என்றும் சொல்லி அனுப்பினார்களாம். பை நிறைந்துவிட்டது. எனக்குத்தான் சாப்பாடு அமையவில்லை. மரக்கறி என்று கேட்டதில் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட ரொட்டியும் உருளை வறுவலும் மட்டும் கிடைத்தன. பதினான்கு டாலர். அறை வாடகை 89 டாலர். வெந்நீர் தாராளமாக வந்தது.

நவம்பர் 1, சனி: லூசியின் ஊர்

நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் ஜேம்ஸ்டவுன் ஒரு காலத்தில் மரச்சாமான்களுக்குப் பேர்போன ஊர். ஸ்வீடனிலிருந்து வந்து குடியேறியவர்கள் நிறைந்தது. இன்று இந்த ஊரின் முகம் லூசில் பால். 1911 ஆகஸ்ட் 6 அன்று இங்கே பிறந்தவர். சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்களாக அவரே நம்மைப் பார்க்கிறார். அவர் நடித்த தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் "ஐ லவ் லூசி" முதன்முதலாக 1951 அக்டோபர் 15 அன்று ஒளிபரப்பானது. நாங்கள் போனதற்கு இரண்டு வாரம் முன்புதான் 74 ஆண்டு முடிந்திருந்தது. அடுத்த ஆண்டு முக்கால் நூற்றாண்டு நிறைவு. அதற்கு வராமல் இப்போது வந்திருக்கிறீர்களே என்று அருங்காட்சியகத்தில் சீட்டுக் கொடுத்த பெண் கேலி செய்தார்.

உள்ளே, தொடரில் வரும் நியூயார்க் குடியிருப்பின் கூடத்தை அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். சோபா, பியானோ, சமையலறைக் கதவு எல்லாம் அந்தந்த இடத்தில். அங்கே நின்றபோதுதான் எனக்கு ஒரு விசித்திரம் உறைத்தது: இது யாரும் வாழ்ந்த வீடு அல்ல, கலிபோர்னியாவில் ஒரு படப்பிடிப்புத் தளத்தில் மூன்று சுவர் வைத்து எழுப்பிய அரங்கு. அந்த அரங்கின் நகலை ஒரு தலைவரின் பூர்வீக வீட்டைப் போல வரிசையில் நின்று பார்க்கிறோம். கறுப்பு வெள்ளையில் ஒளி சீராக விழ வேண்டும் என்பதற்காக, ஒளிப்பதிவாளர் கார்ல் பிராய்ண்ட் மூல அரங்கைச் சாம்பல் நிறச் சாயல்களிலேயே தீட்டச் செய்தார் என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், இன்னும் வேடிக்கை.

தொழில்காரன் என்பதால் எனக்குப் பிடித்த கதை வேறு. அப்போது தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நியூயார்க்கிலிருந்து நேரலையாகப் போகும். தூரத்து ஊர்களுக்கு, திரையைப் பார்த்துப் படமெடுத்த மங்கலான பிரதி போகும். லூசியும் அவர் கணவர் டெசி அர்னாஸும் லாஸ் ஏஞ்சலிஸை விட்டு வர மறுத்தார்கள். விளம்பரதாரரான சிகரெட் நிறுவனமோ மங்கல் பிரதியை ஏற்க மறுத்தது. ஆகவே மூன்று கேமராக்களை வைத்து, பார்வையாளர்கள் முன்னிலையில், 35 மி.மீ. திரைப்படச் சுருளில் எடுப்பது என்று முடிவாயிற்று. செலவு கூடியதால் இருவரும் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, பதிலுக்கு அந்தச் சுருள்களின் உரிமையைக் கேட்டு வாங்கினார்கள். மறு ஒளிபரப்பு என்ற ஒன்றுக்கு இவ்வளவு மதிப்பு வரும் என்று அன்று யாரும் கணக்குப் போடவில்லை. என் பணிக்காலத்தில் நாடா தட்டுப்பாடு என்று சொல்லி, அருமையான நாடகங்களை அழித்து அதே நாடாவில் வேளாண் உரைகளைப் பதிந்தோம். அழித்தவர்களில் நானும் ஒருவன்.

1953 ஜனவரி 19 அன்று லூசிக்குக் குழந்தை பிறக்கும் பகுதியை ஏறத்தாழ 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாள் ஐசன்ஹோவர் அதிபராகப் பதவியேற்றதைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. அதே ஜனவரி 19 அன்றுதான் லூசில் பாலின் நிஜ மகனும் பிறந்தான். ஆனால் "கர்ப்பம்" என்ற சொல்லைத் தொடரில் உச்சரிக்க அனுமதி இல்லை. இதை நான் பேத்திக்கு எப்படிச் சொல்வது என்று தடுமாறிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற எண்பத்து மூன்று வயதுப் பெண்மணி பேச்சில் கலந்துகொண்டார். அன்று அவருக்குப் பத்து வயது. தெருவில் அவர்கள் வீட்டில் மட்டுமே தொலைக்காட்சி இருந்ததால் வரவேற்பறையில் பதினேழு பேர் உட்கார்ந்திருந்தார்களாம். அவருடைய அப்பா கடைசி வரை படிக்கட்டில் நின்றே பார்த்தாராம். எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை "ஒளியும் ஒலியும்" பார்க்க ஜன்னல் கம்பியில் தொங்கிய பையன்களைப் பற்றி நான் சொன்னேன். "ஜன்னலில் எங்கள் வீட்டிலும் இரண்டு பேர்" என்றார் அவர்.

லூசி ஒரு சத்து மருந்தை விளம்பரம் செய்து செய்து போதை ஏறித் தள்ளாடும் பகுதி 1952 மே மாதம் ஒளிபரப்பானது. அந்த மருந்தின் பெயர் வைட்டமீட்டவெஜமின். இங்கே வருகிறவர்கள் கேமரா முன் நின்று அதைச் சொல்லிப் பார்க்கலாம். பேத்தி இரண்டாம் முயற்சியில் சொல்லிவிட்டாள். நான் ஆறு முறை சொன்னேன்; ஆறு முறையும் "வெஜமீட்" என்று எங்கோ முட்டி நின்றது.

மாலையில் லூசி வளர்ந்த செலரான் கிராமத்து ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போனோம். 2009இல் அங்கே வைத்த சிலை முகம் பயமுறுத்துவதாகப் பெரும் கேலிக்கு ஆளாகி, 2016இல் அவருடைய பிறந்தநாளன்று வேறு சிலை வைத்தார்கள். புதியது உண்மையில் நன்றாக இருக்கிறது. ஏரிக் காற்று காதை அறுத்ததால் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியவில்லை.

திரும்பும் வழியில் ஒரு ரொட்டிக் கடை. ஸ்வீடன்காரர்களின் பின்னல் ரொட்டி என்று எழுதியிருந்தது, ஏழு டாலர். பிய்த்ததும் எழுந்தது ஏலக்காய் மணம்! வீட்டில் பால் பாயசம் இறக்கும்போது வருகிற அதே மணம், பனிக்கு அஞ்சும் இந்த ஊரில், வெள்ளைக்காரப் பாட்டி சுற்றித் தந்த காகிதப் பையிலிருந்து வந்தது. ஐந்து நாளில் நான் சாப்பிட்டவற்றில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

நவம்பர் 2, ஞாயிறு: பிட்ஸ்பர்க்

என் எச்.எம்.டி. கைக்கடிகாரத்தில் ஐந்தரை மணி ஆனதும் எழுந்து, குளித்து, இருவரையும் எழுப்பிவிட்டேன். மாப்பிள்ளை கைபேசியைப் பார்த்துவிட்டு, "மாமா, மணி நாலரை" என்றார். நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலையில் இந்த நாடு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு நகர்த்துகிறது. வாழ்நாள் முழுக்க நொடி பிசகாமல் நேரம் அறிவித்தவனுக்கு இது நேர்ந்தது. பேத்தி அன்று முழுவதும் என்னிடம் மணி கேட்டுக்கொண்டே வந்தாள்.

பிட்ஸ்பர்க்கின் பென் ஹில்ஸ் மேட்டில் 1977இல் குடமுழுக்கு நடந்த வேங்கடேசுவரர் கோயில் இருக்கிறது. தரிசனம் முடித்து, கீழே உணவுக்கூடத்தில் புளியோதரையும் தயிர்சாதமும். நல்லெண்ணெய் மினுக்கும் புளியோதரை. கடலைப்பருப்பு பல்லில் நொறுங்கியது. நான்கு நாளாக ரொட்டி தின்ற வயிறு அடங்கியது.

பிற்பகலில் வெஸ்டிங்ஹவுஸ் பாலத்தின் மேல் போனோம். கீழே பள்ளத்தாக்கில் செங்கல் தொழிற்சாலைகள் நீள நீளமாகக் கிடக்கின்றன. மின்கருவிகள் செய்த வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் போய் இப்போது வேறு நிறுவனங்கள் குடியிருக்கின்றன. அந்தக் கட்டடங்களில் ஒன்றின் மொட்டை மாடியில், ஒரு சிறு கொட்டகையில், 100 வாட் கருவியோடு தொடங்கியதுதான் கே.டி.கே.ஏ. நிலையம். 1920 செப்டம்பர் 29 அன்று உள்ளூர்க் கடை ஒன்று, பொறியாளர் பிராங்க் கான்ராடு தம் வீட்டுக் கொட்டகையிலிருந்து ஒலிபரப்பும் இசையைக் கேட்பதற்கு 10 டாலர் முதல் பெட்டிகள் கிடைக்கும் என்று விளம்பரம் செய்தது. அதைப் படித்த வெஸ்டிங்ஹவுஸ் அதிகாரி ஹாரி டேவிஸ், பெட்டி விற்க வேண்டுமானால் தினமும் கேட்க ஏதாவது வேண்டும் என்று புரிந்துகொண்டார். நவம்பர் 2 மாலை, ஹார்டிங்கும் காக்ஸும் மோதிய அதிபர் தேர்தலின் முடிவுகளை நாளிதழ் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் வாங்கி வாங்கி, லியோ ரோசன்பர்க் படித்தார். கேட்டவர்கள் ஆயிரம் பேர் இருந்தால் அதிகம். மறு ஆண்டு வாத்தியக்குழு உள்ளே அடங்காமல் மாடியில் கூடாரம் போட்டார்கள். துணிச்சுவரில் ஒலி எதிரொலிக்காமல் அருமையாக வந்தது. கூடாரத்தைப் புயல் அடித்துக்கொண்டு போனதும், உள்ளே ஓர் அறைக்குள்ளேயே கூடாரம் கட்டினார்களாம். ஒலிக்கூடச் சுவரில் நாங்கள் ஒட்டிய துணிக்கெல்லாம் அந்தக் கூடாரம்தான் பாட்டி.

அந்த மாடியை அண்ணாந்து பார்க்கலாம் என்று நினைத்து வந்தால், பாலத்திலிருந்து குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. எந்தக் கூரை என்று பிரித்தறியவும் முடியவில்லை. வில்கின்ஸ்பர்க்கில் கான்ராடின் கொட்டகை இருந்த இடத்திலும் கொட்டகை இல்லை. 2001இல் செங்கல் செங்கலாகப் பிரித்துப் பத்திரப்படுத்திவிட்டார்கள். வராத செவ்வாய்க்காரனுக்கு வெண்கலம். யாரும் குடியிராத கூடத்துக்குச் சோபா வரை நகல். நிஜமாகவே குரல் கிளம்பிய இடம் மட்டும் மூட்டை கட்டிய செங்கல்லாக ஏதோ கிடங்கில். எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. நகரத்தில் கால்பந்து ஆட்டம் விட்டு, கறுப்பும் மஞ்சளும் அணிந்த கூட்டம் சாலையை அடைத்திருந்ததால், அந்தக் கோபத்தோடு ஒரு மணி நேரம் நகராமல் உட்கார்ந்திருக்க நேர்ந்தது.

ஐந்தேகாலுக்கே இருட்டிவிட்டது. நெடுஞ்சாலை ஏறியதும் மத்திய அலைக்கு மாற்றச் சொன்னேன். மாப்பிள்ளையின் கார் பழையது என்பதால் அந்தப் பொத்தான் இருக்கிறது. புதிய மின்சாரக் கார்கள் சிலவற்றில் அதையே எடுத்துவிட்டார்கள். 1020இல் கே.டி.கே.ஏ., இப்போது 50,000 வாட். இருட்டிய பிறகு மத்திய அலை வானில் பட்டுத் திரும்பி நெடுந்தூரம் போகும் என்பதைப் பேத்திக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்த முதல் இரவில், இதைக் கேட்கிறவர்கள் தயவுசெய்து எங்களுக்குத் தெரிவியுங்கள், எவ்வளவு தூரம் போகிறது என்று அறிய ஆவலாக இருக்கிறோம் என்று அறிவிப்பாளர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டதையும் சொன்னேன். நானும் பணியில் இருந்தபோது, தூரத்து நேயர்கள் தேதி, நேரம், அலைவரிசை, ஒலித்தரம் குறித்து அனுப்பிய அஞ்சலட்டைகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

"நாம தெரிவிக்கலாமா தாத்தா?"

அருங்காட்சியகத்துத் துண்டுப் பிரசுரத்தின் பின்பக்கத்தில், கைபேசி வெளிச்சத்தில் எழுதத் தொடங்கினாள். நவம்பர் 2. இரவு 8.40. அலைவரிசை 1020. இடம் என்று எழுத, மாப்பிள்ளை அடுத்து வந்த பலகையைப் படித்துச் சொன்னார். ஒலித்தரம் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினாள்.

"கரகரன்னு இருக்கு. மழையில கேட்டோமே, அது மாதிரி. நடுவுல ஒருத்தர் பேசறார். எப்படி எழுதறது?"

அப்படியே எழுதச் சொன்னேன்.